ஹொக்கி வீரர் போட்ட வாங்கு

1. சட்டைப்பையில் பல்

வோல்டர் எனக்குக் கை கொடுத்தார். அடுத்ததாக, மேல்வரிசை முன்பற்களைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டினார். பிறகு கொம்பிரசர் அறைக்குள் போய்விட்டார்.

எழுபத்தெட்டின் சூறாவளி அடித்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. கல்முனைக் கரையில் தென்னைகள் விழுந்த திசையிலேயே இன்னும் கிடந்தன. கடற்றொழிலாளருக்கென ஒரு வெளிநாட்டு நிவாரண அமைப்பு ஐஸ் பிளாண்ட் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தது. மெஷின்களைப் பொருத்தி ஓடவைத்து, மூன்று ஆண்டுகள் பொறுப்பாக நடத்த அனுப்பப்பட்டவர் வோல்டர். கனடாக்காரர். வயது முப்பத்தாறு. கதவு நிலையில் குனிந்துதான் நுழைவார்.

நான் அதுவரை கொழும்புத் தமிழ்ப் பத்திரிகை ஒன்றின் பிரதேச நிருபர். அச்சில் வந்த நீளத்துக்குத்தான் கூலி. ஆசிரியர் கத்தரிக்கோலை எடுத்தால் எங்கள் வீட்டில் கறி குறையும். ஆங்கிலம் தெரிந்ததால் பிளாண்டில் மொழிபெயர்ப்பாளராகவும் களஞ்சியப் பொறுப்பாளராகவும் சேர்ந்தேன்.

மெஷின் ஒப்பரேட்டராகச் சேர்ந்தவர் ஆதம்பாவா. மெலிந்த, கட்டையான மனிதர். முன்பு அரிசி ஆலையில் எஞ்சின் ஓட்டியவர். பல் கழன்றதை அவரும் பார்த்தார்.

“என்ன தம்பி, வந்ததும் வராததுமா பல்லக் கழட்டுறான்? ஆரையும் கடிக்கமாட்டன் எண்டு காட்டுறானா?”

நான் மொழிபெயர்த்தேன். வோல்டர் சிரிக்காமல் பதில் சொன்னார். “பழக்கம். பதின்மூன்று வருஷம் வேலைக்கு இறங்கமுன் இப்படிக் கழற்றித்தான் வைத்தேன்.”

“அப்பிடி என்ன வேலை?”

“ஐஸ் ஹொக்கி.”

ஐஸ் ஹொக்கி என்றால் என்ன என்று ஆதம்பாவாவுக்கு விளக்க எனக்கு அன்று பின்னேரம் முழுவதும் சென்றது. உறைந்த தரை, சப்பாத்தின் அடியில் கத்தி, கையில் வளைந்த தடி, பந்துக்குப் பதிலாக ரப்பர் வட்டு. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“நாங்க ஐஸ மீனுக்குப் போடுற. அவனுகள் அதுக்கு மேல ஓடுறானுகள். என்னத்துக்கு?”

“சம்பளத்துக்கு,” என்றார் வோல்டர்.

அந்தப் பதில் ஆதம்பாவாவுக்குப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் வோல்டரை ‘அவன்’ என்று சொல்லவில்லை. கொஞ்சநாளில் அண்ணன் முறை வைத்து ‘வோல்டர் காக்கா’ ஆக்கிவிட்டார். ஆதம்பாவா வோல்டரைவிட மூத்தவர் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

2. அடிப்பதற்குச் சம்பளம்

பின்னேரத்து அசர் தொழுகை முடிந்து ஆட்கள் திரும்பியதும் ஐஸ் ஏற்றும் மேடையில் தேத்தண்ணி வரும். வோல்டர் தன் கதையை அங்குதான் துண்டு துண்டாகச் சொன்னார். பல மாதங்களில் கேட்டதை இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

சுரங்க ஊரில் பிறந்தவர். மாரிக் குளிரில் தகப்பன் வாளி வாளியாக வீட்டு வளவுக்குள் தண்ணீர் ஊற்றுவார். விடியும்போது அது உறைந்து விளையாட்டுத் திடலாக இருக்கும். பதினாறு வயதில், வேறு ஊர் அணி ஒன்று கூப்பிட்டதென்று வீட்டைவிட்டுப் போனார். முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கிப் படித்து விளையாடினார். இருபத்தொரு வயதில் சம்பள ஆட்டக்காரர். பெரிய நகரங்களின் பெரிய அணிகளில் சில பருவங்கள்தான். மற்றதெல்லாம் சிறிய அணிகள், நீண்ட பஸ் பயணங்கள், பஸ்ஸிலேயே தூக்கம்.

“நீங்க நல்லா கோல் அடிப்பீங்களா?” என்று கேட்டார் ஆதம்பாவா.

“மிகக் குறைவு. என் வேலை அது இல்லை. ஒவ்வோர் அணியிலும் கெட்டிக்காரச் சின்ன ஆள் ஒருவன் இருப்பான். மற்ற அணிக்காரன் அவனை அடித்தால், அந்த அடித்தவனை நான் போய் அடிக்கவேண்டும்.”

நான் மொழிபெயர்த்ததும் ஆதம்பாவா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். “அடிக்கிறதுக்குச் சம்பளமா? எங்கட படகுக்கார மீராலெப்பைக் காக்கா இதச் சும்மாவெல்லே செய்து திரியிறார்.”

ஹொக்கியில் சண்டை பிடித்தால் தண்டனை உண்டு. இருவரும் திடலுக்கு வெளியே கண்ணாடி அடைப்புக்குள் ஐந்து நிமிடம் இருக்கவேண்டும். அந்த நேரம் முடியும்வரை அவர்கள் ஆட்டத்தில் இல்லை. ஆளுக்கொரு அடைப்பு, நடுவில் மணி பார்ப்பவர். வோல்டர் தன் உழைப்புக் காலத்தின் கணிசமான பகுதியை அந்த அடைப்புக்குள் கழித்ததாகச் சொன்னார். அணிகள் ஆட்களைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும். காலையில் பயிற்சிக்குப் போனால், உன்னை இன்ன அணிக்குக் கொடுத்துவிட்டோம் என்பார்கள். பின்னேரம் பெட்டியோடு பஸ்ஸில் ஏறவேண்டும். “நேற்று என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டவனை அடுத்த கிழமை அடிக்கவேண்டி வரும். அவனுடைய பிள்ளையின் பெயர்கூட எனக்குத் தெரிந்திருக்கும்.”

முப்பத்துநான்கில் அணி அவரை நிறுத்தியது. அவரைவிட உயரமான ஓர் இளைஞன் கிடைத்துவிட்டான். வலக்கை விரல்கள் அதற்குள் முழுதாக மடங்காமல் போயிருந்தன. தேத்தண்ணிக் கோப்பையை இடக்கையால்தான் பிடிப்பார்.

அவரிடம் இருந்த இன்னொரு தொழில் குளிரூட்டல். கோடை விடுமுறைகளில் ஹொக்கித் திடலின் மெஷின் அறையில் வேலை செய்து பழகியிருந்தார். திடலுக்குக் கீழே குழாய்கள் ஓடும். குழாய்க்குள் கடும் உப்புத்தண்ணி. அதைக் குளிராக்குவது அமோனியா. எங்கள் பிளாண்டிலும் அதே அமோனியா, அதே உப்புத்தண்ணிதான். குழாய்க்குப் பதிலாகத் தொட்டி, அதற்குள் நல்ல தண்ணீர் நிரப்பிய தகரப் பெட்டிகள். பெட்டிக்குள் தண்ணீர் கட்டியாகும்.

“ஆட்டம் முடிந்த பிறகு எனக்கு இரண்டு வேலை கிடைத்தது,” என்றார் ஒருநாள். “ஒன்று இது. மற்றது ஒரு மதுக்கடையின் வாசலில் நிற்பது. குடித்துவிட்டுச் சண்டை போடுகிறவர்களைத் தூக்கி வெளியே போடவேண்டும். இது சரிவராவிட்டால் அதற்குத்தான் திரும்பிப் போகவேண்டும். என் கை அதற்கு மட்டுந்தான் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.”

இதை அவர் எனக்கு மட்டும் சொன்னார். அவர் என்ன சொல்கிறார் என்று ஆதம்பாவா கேட்டபோது, “குளிர் நாட்டுக் கதை,” என்றேன்.

3. மச்சான்மார்

பிளாண்ட் திறந்த முதல் கிழமையிலேயே அடிதடி.

ஐஸ் இரண்டு தரப்புக்குத் தேவை. படகுக்காரருக்குக் கடலுக்குப் போகமுன் வேண்டும். லொறிக்காரருக்கு மீனைக் கொழும்புக்கு ஏற்றும்போது வேண்டும். இரண்டு தரப்பும் ஒரே நேரத்தில் மேடையில் நிற்கும். படகுக்காரரில் பெரிய வாய் மீராலெப்பைக் காக்கா. லொறி வைத்து மீன் வாங்குபவர் சீனிமுகம்மது. மீராலெப்பையின் தங்கையைக் கட்டியவர்தான் சீனிமுகம்மது. எனவே இருவரும் மச்சான்மார்.

“விடியமுன்ன வந்து நிக்கன் நான். உண்ட லொறி இப்பதான் கண்ண முழிச்சி வருது.”

“உண்ட படகு எப்ப மச்சான் நேரத்துக்குக் கடலுக்குப் போன? ஐஸ வாங்கி வள்ளத்துக்குள்ள வெச்சிட்டு அதுக்கு மேல படுக்கத்தானே போற.”

இதற்கு மீராலெப்பை கையால் பதில் சொன்னார். சீனிமுகம்மதின் ஆட்கள் பாய்ந்தார்கள். படகுக்காரர் பாய்ந்தார்கள். ஐஸ் கட்டிகள் மேடையிலிருந்து உருண்டு மணலில் விழுந்தன. யாரோ பொலிசுக்கு ஓட, ஜீப் வந்தது. வோல்டர் கொம்பிரசர் அறைக் கதவைப் பிடித்தபடி நின்றார். ஓர் அடி முன்னுக்கு வைக்கவில்லை. பிடியை விடவும் இல்லை.

அடுத்த கிழமை அமைப்பின் அதிகாரி கொழும்பிலிருந்து வந்தார். சுருக்கமாகப் பேசினார். “இன்னொரு முறை அடிதடி என்று பொலிஸ் இந்த வளவுக்குள் வந்தால் பிளாண்டைப் பூட்டுவோம். மெஷின்களை வேறு ஊருக்குக் கொடுப்போம். வோல்டரும் ஊருக்குப் போகலாம்.”

அன்று வோல்டர் தேத்தண்ணி குடிக்கவில்லை.

4. ஆணி காணாத தச்சுவேலை

இரண்டு நாள் கழித்து அவர் ஒரு படம் கீறிக்கொண்டு வந்தார். மேடையின் வலப்பக்கம் ஆட்கள் உட்கார ஒரு மர வாங்கு, இடப்பக்கம் ஒரு வாங்கு. யார் கை நீட்டினாலும், நீட்டியவரும் அடி வாங்கியவரும் ஆளுக்கொரு வாங்கில் ஐந்து நிமிடம் இருக்கவேண்டும். அவர்களுடைய முறை போய்விடும். ஐந்து நிமிடம் முடிந்தபின் வரிசையின் கடைசிக்குப் போய் நிற்கவேண்டும்.

விழுந்த தென்னைகளில் மரத்துக்குக் குறைவில்லை. வாங்கு செய்யும் வேலையை ஆதம்பாவா ஏற்றார். மறுநாள் காலையில் மேடையின் சுவரோடு ஒரேயொரு நீண்ட வாங்கு நின்றது.

“மற்றது எங்கே?” என்று கேட்டார் வோல்டர்.

“ஆணி முடிஞ்சி,” என்றார் ஆதம்பாவா. “ஒண்டு போதும். நீளமாத்தானே அடிச்சிரிக்கி.”

“சண்டை பிடித்த இருவரைப் பக்கத்தில் பக்கத்தில் இருத்தினால் மறுபடியும் அடிப்பார்கள். எங்கள் நாட்டில் நடுவில் கண்ணாடி இருக்கும்.”

“கண்ணாடிக்கு நான் எங்க போற? நான் நடுவில நிக்கன்.”

ஆணி வந்தபின் இரண்டாவது வாங்கு செய்வதென்று முடிவாயிற்று. ஆணி வருமுன்பே மச்சான்மார் இருவரும் முதல் தண்டனைக்கு வந்துவிட்டார்கள். தள்ளுமுள்ளுதான், பெரிய அடி இல்லை. ஆனாலும் வோல்டர் வாங்கைக் காட்டினார். வரிசையில் நின்றவர்கள் விடவில்லை. இருவர் முறை போனால் தங்கள் முறை முன்னுக்கு வரும் என்பது அவர்களுக்கு உடனே விளங்கிவிட்டது. “போங்க காக்கா, சட்டம் சட்டம்தான்” என்று பின்னாலிருந்து தள்ளியே இருத்தினார்கள்.

ஆதம்பாவா சுவர் மணிக்கூட்டுக்குக் கீழே நின்றார். அவருக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் அதிகாரம் அது.

“தள்ளி இரி மச்சான். உண்ட அத்தர் மணம் தலைக்குள்ள ஏறுது,” என்றார் மீராலெப்பை.

“மீன் மணத்துக்கு இதாவது இரிக்கட்டும்.”

“வாயப் பொத்துங்க. கதைச்சா இன்னும் அஞ்சு,” என்றார் ஆதம்பாவா. அப்படியொரு விதியை வோல்டர் போடவில்லை.

கொஞ்சநேரம் இருவரும் தங்களைக் கடந்துபோகும் ஐஸ் கட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மீராலெப்பை தாழ்ந்த குரலில் கேட்டார். “தங்கச்சிக்குக் காய்ச்சல் எண்டாங்க. இப்ப எப்பிடி?”

“நேத்தைக்குக் கொறஞ்சிட்டு. காக்கா வந்து எட்டிப் பாக்கல்ல எண்டு பேசினா.”

“வந்தா உண்ட மூஞ்சையும் சேத்தெல்லே பாக்கணும்.”

நான் மொழிபெயர்க்கவில்லை. வோல்டர் கேட்கவும் இல்லை. இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாவது வாங்கைப் பற்றி அதன்பின் ஒருவரும் பேசவில்லை.

வாங்கு ஊருக்குள் பிரபலமாயிற்று. “உங்கட வாப்பா இண்டைக்கும் வாங்கிலயாம்” என்று பெண்கள் வேலிக்கு மேலால் கேட்டார்கள். அந்த வெட்கத்துக்குப் பயந்தே பலர் கையை மடக்கிக்கொண்டார்கள். வரிசை நேரானது. வோல்டரும் கொஞ்சம் தமிழ் பழகினார். ஆமென்ற பொருளில் ‘ஓம்’ என்பதும், பிறகு பார்க்கலாம் என்ற பொருளில் ‘மறுகா’ என்பதும் அவருக்குப் போதுமாக இருந்தன. பாதி ஊரோடு அந்த இரண்டு சொல்லிலேயே கதைத்தார்.

5. லொறிச் சாரதி

இரண்டாம் ஆண்டு, கீரிமீன் கரையை நெருக்கிக்கொண்டு வந்த ஒரு கிழமையில் பெரிய கொம்பிரசர் நின்றுவிட்டது. உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து வரவேண்டும். சின்ன மெஷின் பாதி ஐஸைத்தான் தந்தது. கடலில் மீன், கரையில் மீன், ஐஸ் மட்டும் இல்லை. வோல்டர் மூன்று நாளாக உறங்காத கண்ணோடு திரிந்தார்.

அன்று சீனிமுகம்மது வரவில்லை. நிசாம் என்ற புதுச் சாரதியை அனுப்பியிருந்தார். பேருவளைப் பக்கத்து ஆள், இளவயது. மீன் ஏற்றிய லொறி வெயிலில் நின்றது. நிசாமின் முறை வர இன்னும் பலர் இருந்தார்கள். அவர் நேராக மேடையில் ஏறி, ஐஸ் இழுக்கும் கொக்கியை எடுத்து ஒரு கட்டியை இழுத்தார்.

“முறையில வா தம்பி,” என்று ஆதம்பாவா குறுக்கே நின்றார்.

“மீன் நாறுது. உங்க முறைய நீங்களே வச்சுக்கங்க.”

“கொக்கிய வை.”

நிசாம் தள்ளினார். ஆதம்பாவா ஈரத்தில் வழுக்கி மேடை விளிம்பில் தலை மோத விழுந்தார். இரத்தம் வந்தது.

வோல்டர் தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்றார். அவருடைய கை வாய்க்குப் போவதைக் கண்டேன். பற்கள் சட்டைப்பைக்குள் போயின. கூப்பிட வாயெடுத்தேன், நேரம் இருக்கவில்லை. பாய்ந்து வந்த வோல்டர் பின்னாலிருந்து நிசாமின் சட்டையை இழுத்துத் தலைக்கு மேலால் மூடினார். சட்டைக்குள் கை இரண்டும் சிக்கிக்கொண்டன. ஹொக்கிக்காரரின் பிடி அது என்று பிறகு அறிந்தேன். ஒரு குத்து. ஈரச் சாக்கைத் தரையில் போட்டதுபோலச் சத்தம். இரண்டாவது குத்துக்குக் கை உயர்ந்தது.

அந்தக் கையை ஒருவரும் பிடிக்கவில்லை. அது உயர்ந்தபடி நின்றது. பிறகு அவரே அதை இறக்கி, சட்டையை விட்டு, சுவர்ப்பக்கம் நடந்துபோய் வாங்கில் இருந்தார். முழங்கால்மேல் கைகளை வைத்துத் தரையைப் பார்த்தார்.

உதட்டில் இரத்தத்தோடு நிசாம் நடுவில் நின்றார். அடிப்பதா ஓடுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. மீராலெப்பை போய் முழங்கையைப் பிடித்தார்.

“நீயும் வா மனே. இஞ்சத்தச் சட்டம் இதுதான். பெரியாளே இரிந்திட்டார், உனக்கென்ன?”

நிசாம் வாங்கின் மறு முனையில் இருந்தார். தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஆதம்பாவா மணிக்கூட்டுக்குக் கீழே போய் நின்றார். மீராலெப்பை என் காதுக்குள் சொன்னார். “ஆரோ சைக்கிளில பொலிசுக்குப் போயிட்டான்.”

நான் வாங்குக்குப் பின்னால் நின்றேன். நிசாம் ஒருவரையும் பாராமல் முணுமுணுத்தார். “இது எனக்கு ரெண்டாவது ட்ரிப். மீன் கெட்டுப்போனா முதலாளி என்னய நிப்பாட்டிருவாரு. வீட்டுல உம்மாவும் தங்கச்சிமாரும் இருக்காங்க.”

என்ன சொல்கிறார் என்று வோல்டர் கேட்டார். சொன்னேன்.

வோல்டர் தன் மடங்காத விரல்களைத் தேய்த்தார். பிறகு, “அவனுக்குச் சொல்லு. எனக்கும் இன்றோடு வேலை போகிறது,” என்றார்.

சொன்னேன். நிசாம் அப்போதுதான் திரும்பி அவரைச் சரியாகப் பார்த்தார். வோல்டர் அவருடைய உதட்டைக் காட்டி, பல் ஆடுகிறதா என்று சைகையால் கேட்டார். நிசாம் நாக்கால் தடவிப் பார்த்துவிட்டு இல்லையென்று தலையசைத்தார். வோல்டர் தன் பற்களை எடுத்துக் காட்டி வாய்க்குள் பொருத்தினார். நிசாமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் உதடு வலித்து முகத்தைச் சுளித்தார். பிறகு மறுபடியும் சிரித்தார்.

பொலிஸ் நிலையம் அடுத்த தெருவில்தான்; அந்த நேரமே ஜீப் வந்து நின்றது. சார்ஜன்ட் மேடையில் ஏறினார். வாங்கில் ஒரு வெள்ளைக்காரர், பக்கத்தில் உதடு வீங்கிய இளைஞன், சுற்றிவர மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும் கூட்டம்.

“என்ன நடந்தது?”

“அஞ்சு நிமிசம் முடியல்ல சேர்,” என்றார் ஆதம்பாவா. “முடிஞ்சொடன கேளுங்க.”

சார்ஜன்ட் அவருடைய தலையைப் பார்த்தார். “இது?”

“வழுக்கி விழுந்த. ஐஸ் பிளாண்டில வழுக்காமலா இரிக்கும்?”

சார்ஜன்ட் நிசாமிடம் திரும்பினார். “முறைப்பாடு இருக்கா?”

நிசாம் வோல்டரைப் பார்த்தார். “இல்ல சேர். எனக்கு ஐஸ்தான் வேணும்.”

முறை போய்விட்டது, கடைசிக்குப் போனால் ஐஸ் மிஞ்சாது. அதை எல்லாரும் அறிவார்கள். மீராலெப்பை தன் ஆட்களைப் பார்த்துக் கையசைத்தார். “எண்ட பங்கில பாதிய லொறியில ஏத்துங்கடா. மச்சானுக்குப் போய்ச் சொல்லு மனே, இத நான் திருப்பிக் கேக்கமாட்டன். ஆனா மௌத்தாகும் வரைக்கும் சொல்லிக்காட்டுவன்.”

6. இரண்டு தண்டனை

கொழும்பு அதிகாரி பத்து நாளுக்குள் வந்தார். செய்தி அவருக்கு எட்டியிருந்தது. மேடையில் கூட்டம் சேர்ந்தது.

“பொலிஸ் வந்ததா?”

மீராலெப்பை முந்திக்கொண்டார். “வந்தாங்க சேர். மணி பாத்திட்டுப் போனாங்க.”

நான் அதை மொழிபெயர்த்து முடிக்கமுன் வோல்டர் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். “நான் ஒருவரை அடித்தேன்.”

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அப்படியானால் நான் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும்.”

“இருக்கிறது.”

என்ன பேச்சு என்று கூட்டம் கேட்டது. சொன்னேன். ஆதம்பாவா முன்னுக்கு வந்தார். தலைக்கட்டு இன்னும் இருந்தது. “அவர் அதுக்கு வாங்கில இரிந்திட்டாரே. ஒரு குத்தத்துக்கு ரெண்டு தரம் தண்டிக்க ஏலுமா? கேட்டுச் சொல்லுங்க தம்பி.”

அதிகாரிக்கு வாங்கைப் பற்றித் தெரியாது. விளக்கினேன். அவர் சுவர்ப்பக்கம் பார்த்தார். அந்த நேரமும் அதில் இருவர் இருந்தார்கள். காலையில் ஏதோ இழுபறிக்கு இருத்தப்பட்டவர்கள். நேரம் முடிந்தும் எழும்பாமல் ஒரே பொட்டலத்திலிருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இவர்கள் யார்?”

“அடிபட்ட ரெண்டு பேர்,” என்றேன்.

அதிகாரி கொஞ்சநேரம் அவர்களைப் பார்த்தார். “தலைமையகத்துக்கு நான் என்ன எழுதுவது?” என்று வோல்டரிடம் கேட்டார்.

“அடித்தேன் என்று எழுதுங்கள். ஐந்து நிமிடம் இருந்தேன் என்றும் எழுதுங்கள்.”

அவர் அப்படியே எழுதியதாகப் பின்னர் கேள்விப்பட்டேன். வோல்டருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, விமானச் சீட்டு வரவில்லை. தன் மூன்று ஆண்டையும் முடித்து, கேட்டுக்கொண்டதால் மேலும் சிறிதுகாலம் இருந்துவிட்டுப் போனார். போகமுன் ஆதம்பாவாவின் கையில் பிளாண்ட் முழுதாக ஓடிக்கொண்டிருந்தது.

அதிகாரி போன அன்று பின்னேரம் மேடையில் வோல்டர் என்னிடம் சொன்னார். “பதின்மூன்று வருஷத்தில் எத்தனையோ பேரை அடித்தேன். அடித்த பிறகு ஒருவனுக்கும் பக்கத்தில் இருந்ததில்லை. நடுவில் கண்ணாடி இருக்கும், மணி பார்ப்பவன் இருப்பான். மறுபக்கம் இருக்கிறவனும் அன்று தன் இடத்தைக் காப்பாற்றத்தான் கை நீட்டினான் என்று எனக்குத் தெரியும். தெரியும், ஆனால் அவன் வாயால் கேட்டதில்லை.”

நான் பிறகு பத்திரிகைக்கே திரும்பினேன். எண்பதுகள் முடியும்வரை அடிதடிச் செய்திகளுக்குக் குறைவிருக்கவில்லை. முன்பெல்லாம் சம்பவ இடத்துக்குப் போனால், முதலில் கை நீட்டியது யார் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்துவிடுவேன். பிளாண்டில் இருந்து வந்தபின் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. அன்று கை நீட்டாமல் இருந்திருந்தால் உங்களுக்கு என்ன போயிருக்கும் என்று இரண்டு பேரிடமும் தனித்தனியே கேட்பேன். பதில் சொல்லாதவரை நான் கண்டது குறைவு. நிருபர் வேலைக்கு வரும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். அதைக் கேட்டால் செய்தி நீண்டுவிடும், ஆசிரியர் வெட்டுவார். வெட்டட்டும். கேட்டுவிட்டு வாருங்கள்.